தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் வாக்கியம்

கேள்வி: நெல் கொள்முதல் பற்றிய என் கட்டுரையைச் சென்ற இதழில் வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் அதில் நான் எழுதியிருந்த ‘கேட்ச் 22’, ‘வாட்டர்லூ’, ‘பண்டோராவின் பெட்டி’, ‘ஆசிட் டெஸ்ட்’ நான்கையும் வெட்டிவிட்டீர்கள். படித்தவர்களுக்கு இவை தெரிந்த சொற்கள்தானே? ஆங்கிலம் வேண்டாம் என்றால் தமிழாக்கியாவது போட்டிருக்கலாம். வாசகரை இவ்வளவு குறைத்து மதிப்பிடலாமா?

– கட்டுரையாளர் ஒருவர், கும்பகோணம்

பதில்: ஐயா, வெட்டியது நான்தான். அதே கட்டுரை மறுபடி என் மேசைக்கு வந்தாலும் வெட்டுவேன். காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலச் சொல் என்பதற்காக எதையும் நீக்கவில்லை. டிராக்டர், லாரி, டோக்கன், டிபிசி எல்லாம் உங்கள் கட்டுரையில் அப்படியே இருக்கின்றன. திருவாரூர்ப் பக்கம் யாரும் ‘நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. டிபிசிக்குப் போகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். அது நம் ஊர்ச் சொல்லாகி வெகுநாளாயிற்று. நான் எடுத்த நான்கும் வேறு வகை. அவற்றின் பொருள் எங்கோ நடந்த ஒரு போரிலோ, ஒரு நாவலிலோ, ஒரு பழங்கதையிலோ கிடக்கிறது. அதை முன்பே தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் வாக்கியம் திறக்கும்.

‘கேட்ச் 22’ஐ எடுத்துக்கொள்வோம். 1961-ல் வெளிவந்த ஜோசப் ஹெல்லரின் அமெரிக்க நாவல் அது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானப்படையில் ஒரு விதி. மனநிலை சரியில்லாதவர் குண்டுவீசப் பறக்க வேண்டாம், ஆனால் விலக்கு வேண்டும் என்று அவரே கேட்க வேண்டும். உயிருக்குப் பயந்து கேட்கிற அளவுக்குத் தெளிவு இருந்தால் அவருக்கு மனநிலை சரியாகத்தான் இருக்கிறது, ஆகவே பறந்தே தீர வேண்டும். இவ்வளவும் தெரிந்தவருக்குத்தான் ‘கொள்முதல் நிலையத்தில் விவசாயி ஒரு கேட்ச் 22-வில் மாட்டிக்கொள்கிறார்’ என்ற உங்கள் வாக்கியம் புரியும்.

அவருக்கும்கூட என்ன புரிந்திருக்கும்? ஏதோ சிக்கல் என்பது மட்டும்தான். என்ன சிக்கல் என்று உங்கள் பிரதியில் எங்கும் இல்லை. நான் தொலைபேசியில் கேட்டபோதுதான் சொன்னீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுப்பதில்லை. சரி, காயவைத்துக் கொண்டுவந்து சாலையோரம் கொட்டி வரிசையில் காத்திருக்கிறார். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று நாட்கள் போகின்றன. நடுவில் மழை பெய்கிறது. நனைந்ததால் எடுப்பதில்லை; எடுக்காததால் நனைகிறது. நீங்கள் போனில் சொன்னதை அப்படியே எழுதிச் சேர்த்தேன். கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைத்தான் குறிப்பிடுகின்றன. அது உங்கள் வரி, ஐயா. ‘கேட்ச் 22’ அதை எழுதவிடாமல் செய்துவிட்டது. என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. இப்படி ஒரு தொடர் கைக்கு வந்தவுடன் எழுதுகிறவருக்கு வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றிவிடுகிறது. பார்த்ததை, கேட்டதை எழுத வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது.

பண்டோராவிலும் இதேதான் நடந்திருக்கிறது. ‘ஈரப்பத அளவைத் தளர்த்தினால் பண்டோராவின் பெட்டி திறந்துவிடும் என அதிகாரிகள் அஞ்சுகிறார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். (பண்டோரா என்ற பெண் அதைத் திறந்ததும் உலகத்துத் துன்பங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன என்பது பழைய கிரேக்கக் கதை. அந்தக் கதையில் அது பெட்டிகூட இல்லை, பெரிய தாழி. 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் லத்தீனில் எழுதியபோதுதான் பெட்டியானது.) அதிகாரிகள் எதற்கு அஞ்சுகிறார்கள்? ஈர நெல் கிடங்கில் சூடேறி, முளைவிட்டு, அரிசி பழுப்பாகிவிடும் என்றா? இந்த மாவட்டத்துக்குக் கொடுத்தால் அடுத்த மாவட்டமும் கேட்கும் என்றா? முதலாவது நியாயமான கவலை, உலர்த்தும் இயந்திரம் வைத்தால் தீரக்கூடியது. இரண்டாவது நிர்வாகத்தின் தயக்கம். இரண்டில் எது என்று தெரியாமல் அந்த வரியை என்னால் அச்சுக்கு அனுப்ப முடியவில்லை.

விவசாயியின் தோல்விக்கு வாட்டர்லூ என்பது பொருளிலேயே தவறு. 1815 ஜூன் 18 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள அந்த ஊருக்கு அருகில் நெப்போலியன் தோற்றது கடைசித் தோல்வி. அதன்பின் அவன் எழவே இல்லை. நம் விவசாயி சம்பாவில் அடிபட்டாலும் மேட்டூர் அணை திறந்ததும் அடுத்த போகமான குறுவைக்கு நாற்று விடுகிறவர். ‘ஆசிட் டெஸ்ட்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தங்கத்தின் மீது அமிலம் விட்டுப் பார்ப்பது அது. கும்பகோணத்து நகைப் பத்தர் கையில் தங்கத்தை உரசிப் பார்க்கும் உரைகல் இருக்கும்போது நமக்கு இன்னொரு சொல் தேவைப்படவில்லை.

தமிழாக்கிப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். அதை இன்னும் மோசம் என்றே நினைக்கிறேன். ‘வாட்டர்லூ’ என்று இருந்தால் வாசகர் ‘இது நமக்குத் தெரியாத ஏதோ’ என்று நின்றுவிடுவார், யாரையாவது கேட்பார். ‘அறைக்குள் இருக்கும் யானை’ என்றால் ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருக்கும், வாக்கியம் மட்டும் புரியாது. மன்னார்குடிக்காரருக்கு யானை என்றால் கோயில் யானை. அது அறைக்குள் என்ன செய்கிறது? (எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்திறக்காத பெரிய பிரச்சினையை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள்.) ‘பனிப்பாறையின் நுனி’யும் அப்படித்தான். பனிப்பாறையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்கு அடியில் இருக்கும் என்பது தெரிந்தால்தான் அது உவமை. தெரியாவிட்டால் வெறும் கல். புரியாதது தன் குறை என்று நினைத்து வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். அவரை அப்படி நினைக்க வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதே பிழையை இந்தப் பத்திரிகையும் செய்திருக்கிறது. மேட்டூரில் இத்தனை டி.எம்.சி. இருப்பு, இத்தனை கனஅடி திறப்பு என்று வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தோம். வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஒருமுறை எழுதிக் கேட்டார்: ‘டி.எம்.சி.யும் கனஅடியும் ஒன்றா, வேறா?’ எனக்கு வெட்கமாகிவிட்டது. டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடித் தண்ணீர், இருப்பின் அளவு. திறப்பைச் சொல்லும்போது வரும் கனஅடி, விநாடிக்கு எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. தீரும். 120 அடி நிரம்பிய மேட்டூரில் 93.47 டி.எம்.சி. இருக்கும். இதை அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போட்டோம். அந்த அம்மா மறுபடி எழுதினார். அணையில் 60 டி.எம்.சி. இருந்து, 12,000 கனஅடி திறந்தால், வரத்தே இல்லாவிட்டால் இரண்டு மாதம்கூடத் தாங்காது, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் கடைமடைக்கு முறை வைத்து விடும்போது எத்தனை நாள் கிடைக்கும் என்று அவரே கணக்குப் போட்டு என்னைக் கேட்டிருந்தார். எட்டாவதோடு நின்றவர். யாரை நாம் படித்தவர் என்கிறோம், ஐயா?

நம் சொற்களையும் திருப்பிப் பாருங்கள். ‘மூணு மா தாளடி’ என்றால் தஞ்சாவூரில் எல்லோருக்கும் விளங்கும். கோவை வாசகருக்கு? அவர் ஏக்கரும் சென்டும் அறிந்தவர். மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி, தாளடி என்பது குறுவை அறுத்த வயலிலேயே அடுத்து நடுவது என்று அரை வரி சேர்த்தால் போதும். அதை எழுதாமல் விட்டால் அவரை நாமும் வெளியே நிறுத்துகிறோம். வெளியூர்க் கட்டுரையாளர்களிடம் நான் கேட்பதும் இந்த அரை வரியைத்தான்.

உங்கள் ஊர்க் கல்லூரியில் 1880 முதல் பாடம் சொன்னவர் உ.வே.சாமிநாதையர். சீவக சிந்தாமணியைப் படிக்க எடுத்தபோது அவ்வளவு பெரிய புலவருக்கே தடுமாற்றமாக இருந்தது. தமிழ் தெரியாததால் வந்த தடுமாற்றம் இல்லை அது. அந்தக் காப்பியம் சமண சமயச் செய்திகளைத் தெரிந்தவருக்காக எழுதப்பட்டது. அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த ஜைனர்களைத் தேடிப் போய், உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் அந்த நூல் அச்சில் வந்தது. பின்னால் வந்த நாம் அதே வீடுகளின் வாசலில் போய் நிற்காமல் சிந்தாமணியைப் படிக்கிறோம் என்றால், தெரிந்தவர்களுக்குப் போதும் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் காரணம்.

அப்புறம், இதை நடை சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடை விவசாயி ஒருவர், தன் வயல் முழுக்க மழையில் மூழ்கியும் காப்பீட்டுப் பணம் வரவில்லை என்று எங்களுக்கு எழுதினார். கூடவே அவருக்குக் கிடைத்த துண்டுப் பிரசுரத்தையும் அனுப்பியிருந்தார். ‘ஏரியா அப்ரோச்’, ‘த்ரெஷோல்டு ஈல்டு’ என்று தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தது; விளக்கம் இல்லை. மகசூல் இழப்புக்கான பணம் தனி வயலைப் பார்த்து வருவதில்லை. அறிவித்த பகுதியில் சில வயல்களில் சோதனை அறுவடை செய்து சராசரி எடுக்கிறார்கள்; ‘ஏரியா அப்ரோச்’ என்பது இதுதான். முந்தைய ஆண்டுகளின் விளைச்சலிலிருந்து கணக்கிட்ட அளவுக்குக் (‘த்ரெஷோல்டு ஈல்டு’ அதுதான்) கீழே அந்தச் சராசரி இறங்கினால்தான் காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம். மேட்டு வயல்கள் தப்பித்துவிட்டால் பள்ளத்து வயல்காரருக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். இந்த விதி நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. ஆனால் பிரீமியம் கட்டிய அன்றைக்கே இதை அவர் அறிந்திருக்க வேண்டாமா? அந்தப் பிரசுரத்தை எழுதியவரும் ‘இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்றுதான் நினைத்திருப்பார்.

வாசகரைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்கிறீர்கள். புரியும்படி சொன்னால் அவர் எதையும் பிடித்துக்கொள்வார் என்று நம்பித்தான் இந்த இதழை நடத்துகிறேன். உங்களுக்குக் கொள்முதல் விவரம் அத்துப்படி. களத்தில் நின்று பார்த்தவர். எனக்கு வேண்டியது அதுதான்.

பண்டோரா இருந்த இடத்தில் நான் ஒரு வாக்கியத்தை நீக்கினேனே தவிர, வேறு எதையும் வைக்கவில்லை. அந்தக் குறை இன்னும் அங்கே இருக்கிறது. சம்பா அறுவடை தொடங்குமுன் கொள்முதல் அலுவலரையும் கிடங்குக்காரரையும் ஓர் அரவை ஆலைக்காரரையும் பார்த்து, 17-க்கு மேல் போனால் உண்மையில் என்ன கெடுகிறது, எத்தனை நாளில் கெடுகிறது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.