வீட்டு ஸ்டூடியோ கேள்வி–பதில்: மைக், அறை, மத்தளம்

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு வாசகர்: கையில் ஒரு இலட்சம் ரூபாய் இருக்கிறது. வீட்டில் ஸ்டூடியோ போட நல்ல மைக் ஒன்று சொல்லுங்கள்.

யார் பாடப்போகிறார்கள், என்ன வாத்தியம், அறை எவ்வளவு பெரிது, ஒன்றும் எழுதவில்லை. ஆகவே பொதுவாகத்தான் சொல்லலாம். காசை ஏறத்தாழ மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கில் இரண்டு சனல் ஓடியோ இன்டர்பேஸ், அதாவது மைக்கையும் வாத்தியத்தையும் கணினியில் இணைக்கும் பெட்டி. ஒரு சனல் உள்ளதை வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் அதை விற்க அலைபவர்களைத்தான் அதிகம் காண்கிறேன். இன்னொரு பங்கில் மைக், ஸ்டாண்ட், வயர், காதை மூடும் ஹெட்போன். மூன்றாவது பங்கு அறைக்கு: நாலைந்து ரொக்வூல் பலகை, தடித்த திரைச்சீலை, தரைக்கு ஒரு கார்ப்பட். டைல்ஸ் தரையும் வெறும் சீமெந்துச் சுவரும் உள்ள அறையில், எவ்வளவு விலை மைக் வைத்தாலும் கிணற்றுக்குள் நின்று பாடியதுபோல்தான் பதியும்.

மைக் டைனமிக்காக, அதாவது மேடையில் பிடித்துப் பாடும் உறுதியான வகையாக இருக்கட்டும். ஷுவர் எஸ்.எம். 58 1966 முதல் வருகிறது, இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. அது கட்டுப்படாவிட்டால் அதே வகையில் மலிவானது. பாதி விலைக்கு எங்காவது எஸ்.எம். 58 கண்டால் அது போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாடும்போது ஃபேனை நிறுத்துங்கள்.

காத்தான்குடி: பெரிய கொண்டென்சர் மைக் ஒன்று மலிவாக வாங்கினேன். லெப்டொப்பின் ஹெட்போன் துளையில் குத்தினால் சத்தமே வருவதில்லை. மைக் பழுதா?

பழுதாக இருக்காது, பட்டினி. கொண்டென்சர் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி வேலை செய்யும் மைக், அதற்கு 48 வோல்ட் வேண்டும். அந்தச் சின்னத் துளையில் வருவது சில வோல்ட்தான். அதனால்தான் சத்தம் வருவதில்லை, வந்தாலும் முணுமுணுப்பும் இரைச்சலும்தான். இன்டர்பேஸ் வாங்கி, எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று முள் மைக் வயர் போட்டு, 48 வோல்ட் பொத்தானை அழுத்துங்கள். பிறகும் வராவிட்டால் அப்போது மைக்கைத் திட்டலாம்.

வாழைச்சேனை: சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்குமா?

நிற்காது. கரப்பான் வரும், தீப்பிடிக்கும்.

திருக்கோவில்: கிற்றாரைச் செருகினதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். வயரை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

வயரை விடுங்கள். முதலில் லெப்டொப் சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். இரைச்சல் போனால் குற்றம் மின்சாரத்தில், பெரும்பாலும் எர்த்தில். நம் ஊரில் சதுரத் துளைப் பிளக் பொயின்டின் மேல் ஓட்டைக்குள் பேனா மூடியைக் குத்தி, கீழே இரண்டு முள்ளுப் பிளக்கைச் செருகும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் பாதிக் கரைச்சலுக்குக் காரணம். மூன்று முள்ளுப் பிளக், எர்த் உள்ள நல்ல மல்டிபிளக், எல்லாச் சாமானும் ஒரே பொயின்டிலிருந்து. இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் முள்ளை வெட்டும் வேலை மட்டும் வேண்டாம். மைக்கில் வாயை வைத்துப் பாடுகிறவர் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆரையம்பதி: எங்கள் ஊர்க் கூத்துப் பாட்டுகளைப் பதிந்து வெளியிட இருக்கிறோம். மத்தள டோன் நன்றாக உள்ள கீபோர்ட் எது?

இந்தக் கேள்வி எனக்கு முதல் தடவை வருவதல்ல. ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. கேட்டவர் வாவிக்குக் கிழக்கே எழுவானில் இருந்தாலும் மேற்கே படுவானில் இருந்தாலும், அரை மணித்தியாலத்தில் கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியார் வீட்டு வாசலுக்குப் போய்விடலாம். அவரை விட்டுவிட்டு, தபேலாவும் மிருதங்கமும் கலந்த ஒரு டோனுக்குக் காசு கொடுக்கப் போகிறீர்கள். கீபோர்ட் தாளம் ஒரே வேகத்தில் ஓடும். கூத்தில் மத்தளம் ஆடுகிறவரின் காலைப் பார்த்து நடக்கிறது. வரவு ஆட்டத்தில் ஒரு வேகம், போர்க் கட்டத்தில் இன்னொன்று. அதை ஒரே சீராய்த் தட்டும் மெட்ரோனோமில் கட்டினால் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகையும் ஒன்றுபோலக் கேட்கும்.

கீபோர்ட் காசுக்கு இதைச் செய்யுங்கள். பாடசாலை மண்டபமோ, பெரிய ஹோலோ ஒன்று கேட்டு எடுங்கள். பத்து அடி அறையில் மத்தளம் அடித்தால் அறைதான் பதியும். அண்ணாவியார் அடித்துக்கொண்டே பாடுவாரென்றால் அவரைப் பிரிக்க முயல வேண்டாம். வாய்க்கு ஒரு டைனமிக், மத்தளத்தின் வலந்தலைக்கு (வலப்பக்கத் தோலுக்கு) ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சரித்து இன்னொன்று. ஒன்றின் சத்தம் மற்றதில் விழும், விழட்டும். அதுதான் கூத்து. பிற்பாட்டுக்காரர் அரைவட்டமாக நிற்கட்டும். யாருடைய குரலாவது மேலே போனால் பொத்தானைத் திருகாமல், அவரை ஓரடி பின்னே போகச் சொல்லுங்கள். சல்லாரிக்காரர் (கைத்தாளம் போடுகிறவர்) எல்லோருக்கும் பின்னால். முன்னால் நின்றால் பாட்டு முழுவதையும் அது துளைத்துவிடும்.

லெவலைச் சும்மா தட்டிப் பார்த்து வைக்க வேண்டாம். உச்சக் கட்டத்தைப் பாடச் சொல்லி, மீட்டர் முள் −12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். சூடேறிய பிறகு அண்ணாவியார் ஒத்திகையைவிடப் பலமாகத்தான் பாடுவார். மண்டப ஃபேன்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை.

கல்முனை: 192 கிலோஹேர்ட்ஸில் பதிந்தால் குரல் இன்னும் தெளிவாக இருக்குமா?

இருக்காது. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் போதும். அதில் ஒரு சனல் நிமிடத்துக்கு 9 மெகாபைட் பிடிக்கும், 192இல் அதன் நான்கு மடங்கு. ஹார்ட் டிஸ்க் விற்பவருக்குத்தான் இலாபம்.

அக்கரைப்பற்று: கஸீதா பாடிப் பதிகிறேன். ஹெட்போனில் என் குரலே எனக்குப் பிந்திக் கேட்கிறது.

இன்டர்பேஸில் ‘டைரக்ட் மொனிட்டர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போடுங்கள். வாங்கும்போது வந்த தாளை வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். மென்பொருள் வழியாகத்தான் கேட்க வேண்டுமென்றால், இன்டர்பேஸ் கம்பனியின் சொந்த ஆசியோ டிரைவரை (சத்தத்தைப் பிந்தாமல் கடத்தும் மென்பொருளை) போட்டு, பஃபரை, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்துவைக்கும் ஒலித் துணுக்குகளின் அளவை, 128க்குக் குறையுங்கள். 48 கிலோஹேர்ட்ஸில் அது போக 3, வர 3 மில்லிசெக்கன் அளவுதான், காதுக்குத் தெரியாது. பதிந்ததைக் கலக்கும் (மிக்ஸ் செய்யும்) நேரத்தில் திரும்ப 512 அல்லது 1024 ஆக்கிவிடுங்கள்.

பாண்டிருப்பு: மாரி தொடங்கியதிலிருந்து கொண்டென்சர் மைக்கில் பொரிகிற சத்தம்.

கடற்கரை வீடு, ஈரக் காற்று, மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டு வைத்திருக்கிறீர்கள் போல. மைக்குக்குள் சத்தத்தைப் பிடிக்கும் கெப்சூலில் ஈரம் ஏறினால் இப்படித்தான் பொரியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள், பெரும்பாலும் சரியாகும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிடு கெப்சூலில் ஒட்டும். வாயால் ஊதவும் வேண்டாம். இனி வேலை முடிந்ததும் டப்பாவுக்குள் போக வேண்டும், மாரியென்றாலும் கோடையென்றாலும்.

சம்மாந்துறை: பத்துக்குப் பத்து அறை. 8 அங்குல மொனிட்டர் ஸ்பீக்கர் வாங்கவா?

வேண்டாம். பத்தடி இடைவெளியில் 56 ஹேர்ட்ஸ் அளவில் சத்தம் தேங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அந்தத் தேக்கம் இரட்டிப்பாகும். கூரையும் பத்தடி என்றால் கேட்கவே வேண்டாம். 8 அங்குலத்தில் பேஸ் அதிகமென்று நினைத்து வெட்டுவீர்கள், பஸ்ஸில் போட்டால் பாட்டு மெலிந்து கேட்கும். 5 அங்குலம் போதும். சுவரிலிருந்து தள்ளி, டுவீட்டர் (மேலேயுள்ள சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். அதுவரை நல்ல ஹெட்போனில் கலக்குங்கள்.

ஏறாவூர்: கிரக் செய்த மென்பொருள் பாவித்தால் என்ன?

பாதிப் பாட்டில் லெப்டொப் படுக்கும், வைரஸ் வரும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் சும்மா பாவித்துப் பார்க்கலாம், தனியாள் உரிமம் 60 டொலர்.

களுவாஞ்சிக்குடி: பக்கத்தில் அம்மன் கோயில். வைகாசிச் சடங்கு நேரம் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பிடிக்காத மைக் எது?

எல்லா மைக்கும் பிடிக்கும். கோயிலடியில் சடங்கு நோட்டீஸ் ஒன்று வாங்கி, பூசை இல்லாத நேரமாகப் பார்த்துப் பாடுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு.