குடிய மறக்க வைக்கிற பவுடர சாம்பார்ல கலக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 43 வயசு. 12 வருஷமா குடி, இப்பல்லாம் காலைல எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டாதான் கை நடுக்கமே நிக்குது. போன கார்த்திகைக்கு மாலை போட்டு ஒரேடியா நிறுத்தினார். மூணாம் நாள் ராத்திரி செவுத்துல பூச்சி ஊருதுன்னு அடிச்சார், யாரோ கூப்பிடறாங்கன்னு வாசலுக்கு ஓடினார். காத்து கருப்புன்னு மந்திரிச்சோம். தெளிஞ்சதும் மாலைய கழட்டிட்டு மறுபடி ஆரம்பிச்சுட்டார். இப்ப பக்கத்து வீட்டக்கா, குடிய மறக்க வைக்கிற பவுடர் இருக்கு, அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்துடுங்கிறாங்க. கலக்கலாமா?
வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: கலக்காதீங்கம்மா, அந்தப் பொட்டலத்த வாங்கவே வாங்காதீங்க. அதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? குடிய விட உதவற டைசல்பிரம்ங்கிற மருந்து இருந்துட்டா பெரிய ஆபத்து. அது 1940கள்ல டென்மார்க்ல புழக்கத்துக்கு வந்த நல்ல மருந்துதான், நாங்களும் குடுக்கறோம், ஆனா அவர்கிட்ட சொல்லி, சம்மதம் வாங்கி, லிவர் டெஸ்ட் பார்த்து, கடைசியா குடிச்சு 12 மணி நேரமாவது ஆனப்புறம்தான். சரக்க உடம்பு செரிக்கிற வேலைய அது பாதியில நிறுத்திடும், அசிட்டால்டிஹைடுன்னு ஒரு விஷம் ரத்தத்துல தேங்கிடும். விஷயம் தெரியாம அவர் வழக்கம்போல குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும்.

ஆனா உங்க கடிதத்துல எனக்கு பயமா இருந்தது அந்த மூணாம் நாள் ராத்திரிதான். அது காத்து கருப்பு இல்லம்மா, டெலிரியம் ட்ரெமன்ஸ், குடிய திடீர்னு நிறுத்தினா வர்ற மூளைக் குழப்பம். சாராயம் மூளைய அமுக்கி அமுக்கி வைக்கும், மூளையும் வருஷக்கணக்கா எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகிடும், கயிறு இழுக்கற போட்டியில ஒரு பக்கம் திடீர்னு கைய விட்டா இன்னொரு பக்கம் என்னாகும், அதேதான். நிறுத்தின சில மணி நேரத்துல நடுக்கம், முதல் 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம், அதுக்கப்புறம் இந்தப் பூச்சி, குரல், குழப்பம், காய்ச்சல். வைத்தியம் பார்க்காம விட்டா சாவுல கூட முடியும். ஒருதடவை வந்தவருக்கு அடுத்த தடவை நிறுத்தும்போதும் வர வாய்ப்பு ஜாஸ்தி. மந்திரிச்சதுக்காக உங்கள நான் திட்ட மாட்டேன், யாரும் சொல்லித்தரலையே.

அதனால வீட்டுல வெச்சு திடீர்னு நிறுத்த வைக்காதீங்க, கோயில்ல கயிறு கட்டினாலும் சரி. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, முன்னாடி வலிப்பு வந்திருந்தா அது, பூச்சி தெரிஞ்சது எதையும் மறைக்காம சொல்லுங்க. அட்மிட் பண்ணி டயஸிபாம் மாதிரி மாத்திரை குடுத்து நாளுக்கு நாள் குறைப்பாங்க, பி1 வைட்டமின் ஊசி போடுவாங்க, நெறய குடிக்கிறவங்களுக்கு அது ரொம்பக் கொறஞ்சிருக்கும், ரொம்பக் கொறஞ்சா ஞாபகமே போயிடலாம். இந்தக் கட்டம் ஒரு வாரம், பத்து நாள்தான். அப்புறம் ஆசைய அடக்க மருந்து, கவுன்சலிங், ஏஏ மீட்டிங் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நினைக்கறவங்க ஒண்ணா கூடிப் பேசற கூட்டம்) எல்லாம் மாசக்கணக்குல தொடரணும், நடுவுல ஒருநாள் வழுக்கினா எல்லாம் போச்சுன்னு விட்டுடாதீங்க.

அவர் வரமாட்டேன்னா நீங்க மட்டும் 14416க்கு பேசுங்க, டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி போன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். வலிப்போ குழப்பமோ வந்துட்டா யோசிக்காம 108.

இந்தக் கார்த்திகைக்கும் மாலை போடணும்னு அவருக்கு ஆசை இருந்தா தாராளமா போடட்டும்மா, ஆனா ஐப்பசியிலயே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போடட்டும்.