கேள்வி பதில்: வீட்டிலேயே கார் தகடு ஒட்ட முதல் வெல்டிங் மிஷின்

சேலம்: பழைய மாருதி 800. டிரைவர் கால் வைக்கும் தரை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. டிங்கரிங் வேலையை நானே பழக ஆசை. 200 ஆம்ப் மிஷின் போதுமா, 250 வாங்க வேண்டுமா?

பெரிய ஆம்பைப் பார்க்காதீர்கள், சின்ன ஆம்பைப் பாருங்கள். காரின் உடம்புத் தகடு பெரும்பாலும் 0.7, 0.8 மி.மீ.தான். அதற்கு 30 முதல் 50 ஆம்ப் போதும். 250 என்று பெட்டியில் போட்டிருக்கும் மிஷின் 50 ஆம்புக்குக் கீழே வந்ததும் திக்கித் திக்கி எரிந்தால் உங்களுக்கு அது உதவாது. 0.8 மி.மீ. தகட்டில் இரண்டு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்கேயே வெல்டு வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாங்க வேண்டியது சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் மிக் மிஷின், கேஸ் இணைப்போடு. மிக் என்றால் கையில் பிடிக்கும் டார்ச் வழியே வயர் தானாக வந்து உருகி ஒட்டும் முறை; உருகும் இடத்தில் காற்றுப் படாமல் கேஸ் மூடிக்கொள்ளும். வோல்டேஜுக்கும் வயர் வேகத்துக்கும் தனித்தனித் திருகு இருக்கட்டும். டார்ச் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் பிறகு டார்ச் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வயரைத் தள்ளும் ரோலரைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் அமைப்பு சீக்கிரம் தளர்ந்துவிடும், வயர் விட்டு விட்டு வரும்.

வயர் 0.6 மி.மீ. கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் 0.8. அதற்கு மேல் வேண்டாம். 5 கிலோ ஸ்பூல் போதும். 15 கிலோ வாங்கினால் வீட்டு வேலையில் தீர்வதற்குள் வயர் துருப்பிடித்து லைனருக்குள் (டார்ச்சுக்கு வயர் ஓடும் குழாய்) சிக்கும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் மிஷினில் போடாதீர்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், ஆட்டோ டார்க் ஹெல்மெட், தோல் கையுறை, கிரைண்டர் எல்லாம் சேர்ந்ததுதான் செலவு.

மதுரை: கேட் வேலைக்கு வாங்கிய ஆர்க் மிஷின் வீட்டில் இருக்கிறது. அதிலேயே ஒட்டலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. அதில் மாட்டும் 2.5 மி.மீ. ராடு (பூச்சுள்ள வெல்டிங் குச்சி) ஒழுங்காக எரியவே 50 ஆம்புக்கு மேல் கேட்கும். கார் தகட்டில் ராடு பட்டதும் ஓட்டை விழும், அதை அடைக்கப் போனால் இன்னும் பெரிதாகும்.

தூத்துக்குடி: கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் வயர் போட்டால் சிலிண்டர் செலவு மிச்சம்தானே?

காற்றடிக்கும் வெட்டவெளியில் 2 மி.மீ. ஆங்கிள் ஒட்ட அது சரி. மெல்லிய தகட்டில் சூடு அதிகம், பொறி அதிகம், கசடையும் தட்டி எடுக்க வேண்டும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் போலாரிட்டியை மாற்றுங்கள்: ஃப்ளக்ஸ் வயருக்கு டார்ச் நெகட்டிவ், கேஸ் போட்ட சாதா வயருக்கு டார்ச் பாசிட்டிவ். மாற்றாமல் வெல்டு வைத்துவிட்டு மிஷின் சரியில்லை என்பவர்கள் பலர்.

கோயம்புத்தூர்: சுத்த சிஓ2வா, ஆர்கான் கலந்ததா? ஒட்டும்போது தகடு வளைகிறதே, எப்படித் தடுப்பது?

மெல்லிய தகட்டுக்கு ஆர்கான் 80, சிஓ2 20 கலவை. ஆர்க் மென்மையாக நிற்கும், பொறி குறையும். சுத்த சிஓ2 மலிவு, ஆனால் ஆழமாக இறங்கும், ஓட்டை போடும். இரண்டிலும் நிமிஷத்துக்கு 8 முதல் 12 லிட்டர். ஃபேனை நிறுத்துங்கள். தலைக்கு மேல் ஃபேன் ஓடினால் கேஸ் கலைந்து வெல்டு முழுக்கப் பொடி ஓட்டைகளாக வரும்.

வளைவதற்குக் காரணம் நிறுத்தாமல் நீளமாக வெல்டு வைத்துக் கோடு இழுப்பது. கார் தகட்டில் கோடு இழுக்கவே கூடாது. துருவை வெட்டும்போது பளபளக்கும் தகடு வரும்வரை வெட்டுங்கள். ஒட்டுத் தகட்டை விளிம்போடு விளிம்பு சேர, 1 மி.மீ.க்குள் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் பெயின்ட், துத்தநாகப் பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. நாலு மூலையிலும் டாக் (ஒரு பொட்டு வெல்டு), பிறகு அவற்றின் நடுவில், பிறகு அந்த நடுவின் நடுவில் என்று போங்கள். ஒவ்வொரு டாக்கும் ஒரு நொடிக்குள். அடுத்த டாக் தள்ளி எதிர்ப்பக்கம். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பின்னால் செம்புத் தகடு பிடித்தால் உருகியது கீழே விழாது, வெல்டு அதில் ஒட்டவும் ஒட்டாது.

தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். உள்ளே மேட், பஞ்சு, வயரிங் எல்லாவற்றையும் விலக்குங்கள்.

திருச்சி: ஆர்க் மிஷினில் ஆம்பைக் குறைத்து வைத்தால்?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான். குறைத்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், கூட்டினால் ஓட்டை.

காரைக்குடி: எங்கள் ஊர்ப் பட்டறைகளில் தலைமுறையாகக் கேஸ் வெல்டிங்தான் (ஆக்சிஜன், அசிட்டிலின் தீயில் உருக்கி ஒட்டுவது). மிக் வைத்த இடம் கல்லு மாதிரி. சுத்தியல் அடித்து நிமிர்த்த முடியாது. இதைச் சொல்லாமல் மிக்கை மட்டும் புகழ்வது நியாயமா?

நியாயமான கேள்வி. கேஸ் வெல்டு மெல்ல ஆறுவதால் மிருதுவாக இருக்கும், சுத்தியலும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்துச் சமப்படுத்தலாம். மிக் வெல்டு கெட்டிதான், அதை கிரைண்டரில்தான் தேய்க்க வேண்டும். ஆனால் கேஸின் சூடு அகலமாகப் பரவும். பானெட், கூரை போன்ற பரந்த தகட்டில் கைப்பழக்கம் இல்லாதவர் வைத்தால் அலை அலையாகிவிடும். வீட்டில் அசிட்டிலின் சிலிண்டர் வைப்பது தனிக் கவலை.

காரைக்குடி: சுற்றி ஈரத்துணி போட்டால் சூடு பரவாதே? மேஸ்திரிகள் செய்வதுதானே?

மேஸ்திரி செய்யலாம். எந்த இடத்தில் தகடு இழுக்கும், எங்கே தட்டினால் விடும் என்று அவருக்குத் தெரியும். இங்கே கேட்பது முதல் மிஷின். மிருதுவான வெல்டு வேண்டுமென்றால் டிக் இருக்கிறது: ஒரு கையில் டங்ஸ்டன் முனை டார்ச், மறு கையால் கம்பி கொடுக்கும் முறை. மெதுவானது, விலை அதிகம், இரண்டு கைக்கும் வேலை, தகடு துளி அழுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டாவது மிஷினாக வாங்குங்கள்.

ஈரோடு: காரைக்குடிக்காரர் சொல்வது சரி. மிக் வைத்த இடத்தில்தான் ஒரே மழையில் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) கிளம்புகிறது.

பட்டி கிளம்புவது மிக்கால் அல்ல, அடைபடாத ஊசி ஓட்டையால். டாக்குக்கும் டாக்குக்கும் நடுவில் விட்டுப்போன துளை வழியே ஈரம் ஏறி, பட்டிக்கு அடியில் துரு பிடிக்கும். கேஸ் வெல்டிலும் துளை விட்டால் இதே கதிதான். தேய்த்து முடித்ததும் இருட்டிய பிறகு வண்டிக்கு அடியிலிருந்து டார்ச் லைட் அடியுங்கள். ஒளி தெரியும் இடமெல்லாம் மறுபடி ஒரு டாக். அதன்பின் இரண்டு பக்கமும் எபாக்ஸி பிரைமர், அடியில் அண்டர்கோட்டிங். பட்டி கடைசியில்தான்.

வேலூர்: எல்பிஜி மாட்டிய ஆம்னி, பின் தரை போய்விட்டது.

டேங்க்கை முறையாக இறக்கி எடுக்காமல் அந்த வண்டிக்கு அருகில் பொறி பறக்கக் கூடாது. வீட்டு வேலை அல்ல, பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பெட்ரோல் வண்டியிலும் தரைக்கு அடியில் எரிபொருள் குழாய் ஓடுகிறது, பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வேலை முடிந்து அரை மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள். அண்டர்கோட்டிங் உள்ளுக்குள் புகைந்து பிறகுதான் பற்றும்.

நாகர்கோவில்: பிரேக் கிளீனர் அடித்துத் தகட்டைத் துடைக்கலாமா?

குளோரின் கலந்த கிளீனர் என்றால் கூடவே கூடாது. அதன் மிச்சம் ஆர்க் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாகும். அசிட்டோன் போட்டுத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு வெல்டு வையுங்கள். துத்தநாகப் புகையும் காய்ச்சல் கொண்டுவரும், மாஸ்க் போடுங்கள்.

தஞ்சாவூர்: ஆர்க் மிஷின் ஏற்கெனவே இருக்கிறது...

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

ஓசூர்: புதிய மாடல் கார், கதவுக்கு நடுவே உள்ள தூண் நசுங்கிவிட்டது.

தொடாதீர்கள். தூண்களில் உயர்வலு எஃகு இருக்கும், தவறான சூட்டில் வலு போய்விடும். சீட் பெல்ட் மாட்டும் இடமும் அதுதான். கம்பெனி பாடி ஷாப்.

திண்டுக்கல்: வீட்டு பிளக் தாங்குமா?

40 ஆம்பில் மிஷின் இழுப்பது ஏறக்குறைய 1 கிலோவாட். ஆனாலும் 16 ஆம்ப் பிளக்கிலேயே போடுங்கள், எர்த் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு. எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. சுருளை முழுக்க அவிழ்த்துவிடுங்கள், சுருளோடு வைத்தால் சூடேறி உருகும்.