ஸ்டீபன் கிங்கின் 'டார்க் டவர்' தொடரை நம்பி இறங்கலாமா?

கிங்கின் திகில் நாவல்கள் பிடிக்கும், ஆனால் அவருடைய ஏழு பாக மாயக்கதைத் தொடரைத் தொடங்கத் தயக்கமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இறங்கலாம். நான் இரண்டு முறை முழுதாகப் படித்திருக்கிறேன்.

ரோலண்ட் என்ற துப்பாக்கி வீரன், தன் மரபில் எஞ்சியிருக்கும் கடைசி ஆள். எல்லா உலகங்களையும் தாங்கி நிற்கும் ஒரு கோபுரத்தைத் தேடி அவன் போகிறான். அவன் நடக்கும் உலகம் கொஞ்சம் கொஞ்சமாக இற்றுப்போய்க்கொண்டிருக்கிறது. அங்கே திசைகளைக்கூட நம்ப முடியாது. ராபர்ட் பிரவுனிங் 1855இல் வெளியிட்ட ஒரு கவிதைதான் இதற்கு வித்து. கிங் இதை 1970இல், தம் 22 வயதில் எழுதத் தொடங்கினார். ஏழாம் பாகம் வந்தது 2004இல், அவருடைய 57ஆவது பிறந்தநாளன்று.

இந்தத் தொடரின் இருட்டு எங்கே இருக்கிறது என்று சொல்ல முதல் பாகத்தின் முடிவைத் தொட்டாக வேண்டும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

மலைக்கு அடியில் ஒரு பழைய ரயில் பாதை. கீழே அதலபாதாளம். ரோலண்டுடன் வந்த ஜேக் என்ற சிறுவன் அந்தப் பாலத்திலிருந்து தொங்குகிறான். எதிரே, ரோலண்ட் இத்தனை காலம் துரத்திவந்த கறுப்பு உடைக்காரன் நின்றுகொண்டு, இப்போதே வா, இல்லாவிட்டால் என்னை ஒருநாளும் பிடிக்க முடியாது என்கிறான். ரோலண்ட் பையனை விட்டுவிட்டுப் போகிறான். இப்படித்தான் நடக்கும் என்று பையனுக்கு முன்பே உள்ளூரத் தெரியும். நீ போ, இதைத் தவிர வேறு உலகங்களும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு விழுகிறான்.

அன்று இரவு புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ரோலண்ட் மீது அப்படியொரு கோபம். மறுநாள் மீண்டும் எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது: கோபுரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. பையன் விழுந்ததற்காக நான் கதையை விட்டுவிடவில்லையே. இரத்தமும் பேயும் காட்டிப் பயமுறுத்துகிற கதைகள் எத்தனையோ உண்டு. என்னையும் குற்றத்தில் பங்காளியாக்கிய கதை இது ஒன்றுதான்.

முதல் பாகம் வறண்டது, அதை மறைக்க மாட்டேன். பாலைவனம்போலவே வறண்டது. ஆனால் இரண்டாம் பாகத்தின் முதல் பக்கங்களைப் பார்க்காமல் கைவிட்டுவிடாதீர்கள். ரோலண்ட் கடற்கரையில் தூங்கிப்போகிறான், அலை வந்து நனைத்து எழுப்புகிறது. சிங்கி இறால்போன்ற ராட்சத உயிரினங்கள் ஏதோ கேள்வி கேட்பதுபோல முனகிக்கொண்டே கரையேறுகின்றன. ஒன்று அவனுடைய வலக்கை விரல்கள் இரண்டைக் கடித்துத் துண்டித்துவிடுகிறது. துப்பாக்கிதான் வாழ்க்கை என்று இருப்பவனுக்கு வலக்கை விரல்கள்! பிறகு அவன் உட்கார்ந்து தோட்டாக்களை எடுத்துப் பார்க்கிறான்: எது நனைந்தது, எது நனையவில்லை, எது வெடிக்கும். விசையை இழுக்கும்வரை தெரியாது. தன் நாயகனை இரண்டாம் பாகத்தின் வாசலிலேயே இப்படி முடமாக்கத் துணிந்த எழுத்தாளரை அதற்குப் பிறகு நான் சந்தேகப்பட்டதே இல்லை.

நான்காம் பாகத்தின் பெரும்பகுதி ரோலண்டின் இளமைக்காலக் காதல். கதை நின்றுவிட்டது என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு ஏழிலும் பிடித்தது அதுதான். அவன் ஏன் இப்படி இறுகிப்போனான் என்பது அங்கேதான் புரிகிறது. 2012இல் வந்த எட்டாவது புத்தகம் கதைப்படி நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் வருவது. ஏழு பாகங்களையும் முடித்துவிட்டுப் படித்தாலும் குறையில்லை.

பாகங்களுக்கு நடுவே வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். புற்றுநோயால் நாள்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, முடிவை எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்று கிங்குக்குக் கடிதம் எழுதினாராம். கிங்குக்கே அப்போது முடிவு தெரியாது. 1999இல் சாலையோரம் நடந்துபோனவர் மீது வேன் மோதி, மயிரிழையில் உயிர் தப்பினார். கடைசி மூன்று பாகங்களும் அதன் பிறகே வந்தன.

ஏழாம் பாகத்தில், கடைசிப் பகுதிக்கு முன்னால் கிங் நேரடியாக வாசகரிடம் பேசுகிறார். இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்கிறார். நான் நிறுத்தவில்லை. படித்து முடித்த கையோடு எழுந்துபோய் முதல் பாகத்தைத் தேடி எடுத்தேன். ஏன் என்பது அந்த இடத்துக்கு நீங்கள் வரும்போது தெரியும்.