செக்ரட்டரி படிப்பு போன் எடுக்கும் வேலைக்கல்ல

ஐயாவுக்கு வணக்கம். சென்ற வாரம் குடும்பத்தோடு ஈரோட்டிலிருந்து வந்திருந்தபோது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். அது தவறு. மகளின் மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு வாங்குவதற்காக இரண்டு ஏக்கர் தோட்டத்தை அடமானம் வைக்கப் போகிறீர்களே, அதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மைத்துனர் மகன் அமெரிக்காவில் சம்பாதிப்பது அந்தப் பையனின் விருப்பத்துக்குக் கிடைத்த பலன். உங்கள் மகளோ, பேசிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அவள் எடுத்துக் காட்டியது, தன் அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதிவரும் தீர்மான நோட்டை. வந்தவர்கள் 11, வராதவர் 1. கறவை மாடு வாங்க ஓர் உறுப்பினருக்கு ரூ.20,000 கடன், மாதம் ரூ.2,000 வீதம் 10 தவணை, வட்டி தனி. ஒருவர் மறுத்தார், மறுப்பு பதிவு செய்யப்பட்டுத் தீர்மானம் நிறைவேறியது. அன்று நடந்த சண்டையை உங்கள் துணைவியார் சிரித்துக்கொண்டே விவரித்தார். நோட்டில் அது ஒரு வரிகூட இல்லை. எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தத் திறமை சட்டப் பொறுப்பாகவே மாறும் பணி கம்பெனி செக்ரட்டரி, அதாவது ஒரு நிறுவனத்தின் கூட்டங்களும் பதிவுகளும் சட்டப்படி நடக்கப் பார்த்துக்கொள்பவர். உறவினர்கள் நினைப்பதுபோல் இது முதலாளிக்குப் போன் எடுக்கும் வேலையல்ல. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் அவரை மேலாண்மை இயக்குநர், தலைமை நிதி அலுவலர் ஆகியோரோடு ஒரே வரிசையில் வைக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், செலுத்தப்பட்ட மூலதனம் (பங்குதாரர்கள் பங்குக்காகக் கட்டிய பணம்) 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பிற நிறுவனங்களும் முழுநேரமாக ஒருவரை வைத்திருந்தே ஆக வேண்டும். இயக்குநர் குழு கூடி முடிந்த 15 நாளுக்குள் அவர் மினிட்ஸின், அதாவது கூட்டக் குறிப்பின், வரைவை இயக்குநர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் 7 நாளில் திருத்தம் சொல்லலாம். 30 நாளுக்குள் அது மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். எத்தனை மணிக்குக் கூட்டம் தொடங்கியது, கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருந்ததா, தன் நலன் சம்பந்தப்பட்ட தீர்மானத்தின்போது எந்த இயக்குநர் விலகியிருந்தார், யார் மறுத்தார் என்பவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் நீதிமன்றம் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான். அதில் கைவைத்துத் திருத்தியவருக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு.

பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் இந்தப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதலாம். அதன்பின் எக்ஸிகியூட்டிவ், புரொஃபஷனல் என இரு நிலைகளும், 21 மாதப் பயிற்சியும் உண்டு. தேர்வுகள் கடினமானவை, ஒரே முயற்சியில் தேறாதவர்கள் ஏராளம். ஆகவே அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்துகொண்டே இதைப் படிக்கட்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு நீங்கள் சொன்ன நன்கொடைத் தொகையின் பக்கத்தில்கூட வராது. வேலைக்குப் பெரும்பாலும் கோவைக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

சீட்டுக்கு முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றீர்கள். போக வேண்டாம். தோட்டத்துப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.