டைட் எண்டுக்கு என்ன விலை? கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தில் டைட் எண்ட் (பந்தும் பிடித்து, எதிராளியையும் அடைக்கும் இடம்) ஆடுபவர்களுக்குக் கிடைக்கும் விருது, டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுப்பது) இடம், சம்பளம் பற்றி மட்டும் கேளுங்கள். ஃபேண்டஸி (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டும் விளையாட்டு) ஆலோசனை கிடையாது.

டல்லாஸிலிருந்து: அண்ணா, டைட் எண்ட் யாராவது எம்.வி.பி. வாங்கியிருக்கிறார்களா?

இல்லை தம்பி. ஏ.பி. செய்தி நிறுவனம் தரும் எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க வீரர்) விருது இல்லை, ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரர் விருது இல்லை, இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் எம்.வி.பி.யும் இல்லை. 2020ல் டிராவிஸ் கெல்சி 15 ஆட்டங்களில் 1,416 யார்டு எடுத்து டைட் எண்டுகளின் சாதனையை உடைத்தார். சிறந்த தாக்குதல் வீரர் விருது 2,000 யார்டு ஓடிய டெரிக் ஹென்றிக்குப் போனது. 2024ல் பிராக் பவர்ஸ் முதல் ஆண்டிலேயே 112 கேட்ச், 1,194 யார்டு. மைக் டிட்கா 1961ல் வைத்த 1,076 யார்டு புதுமுக சாதனை 63 ஆண்டு கழித்து விழுந்தது. புதுமுக விருதை ஜேடன் டேனியல்ஸ் என்ற, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் வாங்கிக்கொண்டார்.

காரணம் எளிது. ஓட்டக்காரர் 40 யார்டு போனால் அது அவர் கணக்கு. அவர் போவதற்காக ஓரத்தில் நின்ற எதிரணியின் 270 பவுண்டு ஆளை அடைத்து வைத்த டைட் எண்டுக்குப் புள்ளிவிவரத் தாளில் ஒரு கோடுகூடக் கிடையாது. பாதி வேலைக்கு எண்ணே இல்லாதவரை, மீதிப் பாதி எண்ணை வைத்து, பந்து பிடிப்பதே முக்கிய வேலையான வைட் ரிசீவரோடு ஒப்பிடுகிறார்கள். தோற்காமல் என்ன செய்வார்?

கல்லூரியில் லாரி கெல்லி 1936லும் லியான் ஹார்ட் 1949லும் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கினார்கள். ஆனால் அது ஒரே ஆள் தாக்குதலும் தடுப்பும் ஆடிய காலத்து ‘எண்ட்’. இன்றைய டைட் எண்ட் அல்ல.

நியூ ஜெர்சியிலிருந்து: இந்த வருஷம் என் டீமுக்கு எந்த டைட் எண்டை எடுக்கலாம்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

சிகாகோவிலிருந்து: நல்ல டைட் எண்ட் கிடைத்தால் முதல் ஐந்துக்குள் எடுப்பதில் என்ன தப்பு? கைல் பிட்ஸை எடுத்ததற்கு அட்லாண்டாவை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

டிராஃப்டில் சம்பளம் எத்தனையாவதாக எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது, ஆடும் இடத்தைப் பொறுத்ததல்ல. 2021ல் நான்காவதாகப் போன பிட்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 32.9 மில்லியன் டாலர், அதாவது ஆண்டுக்கு 8.2. அடுத்து ஐந்தாவதாகப் போன ரிசீவர் ஜமார் சேஸுக்கு 30.8, ஆண்டுக்கு 7.7. கிட்டத்தட்ட ஒரே காசு.

இப்போது அன்றைய சந்தையைப் பாருங்கள். டைட் எண்டில் உச்ச விலை ஜார்ஜ் கிட்டிலின் ஆண்டுக்கு 15 மில்லியன். ரிசீவரில் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸின் 27.25. சேஸைச் சந்தை உச்சத்தில் 28 சதவீதத்துக்கு வாங்கினார்கள். பிட்ஸுக்கு ஒரு பந்து பிடிக்கும் முன்பே உச்சத்தில் 55 சதவீதம் கொடுத்தாயிற்று. டிராஃப்டின் லாபமே நல்ல ஆளை மலிவாக வைத்திருப்பதுதான். டைட் எண்டில் அந்த இடைவெளி குறுகல். பிட்ஸ் முதல் ஆண்டில் 1,026 யார்டு எடுத்தார், ஆனால் ஒரே ஒரு டச்டவுன். அவர் கெல்சி அளவுக்கு ஆடியிருந்தால்கூட இந்தக் கணக்கு முழுதாகச் சரியாகியிருக்காது.

இரண்டாவது காரணம், நல்லவர்கள் பின்னாலேயே கிடைக்கிறார்கள். கிரான்கவ்ஸ்கி 42வதாகப் போனார், கெல்சி 63, கிட்டில் 146. ஆன்டோனியோ கேட்ஸை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை, கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். 2018ல் பால்டிமோர் 25வது இடத்தில் ஹேடன் ஹர்ஸ்டை எடுத்துவிட்டு, அதே டிராஃப்டில் 86வதாக மார்க் ஆண்ட்ரூஸையும் எடுத்தது. நிலைத்தவர் ஆண்ட்ரூஸ்.

ஏன் இப்படித் தவறுகிறது? கல்லூரி அணிகள் பலவற்றில் டைட் எண்டை விரித்து நிறுத்திப் பந்து மட்டும் பிடிக்க விடுகிறார்கள். டேக்கிள் (தடுப்பு வரிசையின் கடைசி ஆள்) பக்கத்தில் கையூன்றி நின்று அடைக்கும் ஸ்நாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவை) அவருடைய ஆட்டப் பதிவில் குறைவு, எதை வைத்து மதிப்பிடுவது? அயோவா பல்கலைக்கழகம் அந்தப் பழைய வேலையை இன்னும் கற்றுக்கொடுக்கிறது. கிட்டில், ஹாக்கன்சன், ஃபான்ட், லபோர்ட்டா எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

சான் ஹோசேயிலிருந்து: கிட்டிலுக்கு 76 மில்லியன் என்கிறார்களே, அப்புறம் என்ன குறை?

மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், கேரண்டியைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் அவர் போட்டது நான்கு ஆண்டு, 76.4 மில்லியன். அதில் கேரண்டி 40. மற்றது அணி அவரை வைத்திருந்தால் வரும். அதற்கு முந்தைய மாதம் சேஸ் போட்டது நான்கு ஆண்டுக்கு 161. ஆண்டுச் சராசரியில் இரண்டு மடங்குக்கு மேல்.

அட்லாண்டாவிலிருந்து: ரிசீவர் மாதிரி ஆடுகிறவருக்கு ரிசீவர் சம்பளம் கேட்க வேண்டியதுதானே?

கேட்டார்கள். ஜிம்மி கிரஹாம், 2014. முந்தைய சீசனில் 86 கேட்ச், 1,215 யார்டு, பந்து பிடித்ததில் லீகிலேயே அதிகமாக 16 டச்டவுன். நியூ ஆர்லியன்ஸ் அவர்மேல் ஃபிரான்சைஸ் டேக் போட்டது. அது ஒரு வீரரை ஓராண்டு பிடித்து வைக்கும் உரிமை, தொகை ஆடும் இடத்தைப் பொறுத்தது. டைட் எண்ட் என்றால் 7.05 மில்லியன், ரிசீவர் என்றால் 12.3. ஒரு பெயர்ப்பலகைக்கு 5 மில்லியனுக்கு மேல். வழக்கு போனது; தகராறு தீர்க்கும் நடுவர் ஸ்டீஃபன் பர்பேங்க் டைட் எண்ட் என்றே தீர்ப்பளித்தார்.

மறுபடியும் அட்லாண்டா: அநியாயம். 67 சதவீத ஸ்நாப்பில் அவர் டேக்கிளை விட்டு விலகித்தானே நின்றார்?

அந்த 67ல் பெரும்பகுதி ஸ்லாட், அதாவது டேக்கிளுக்கும் ஓர ரிசீவருக்கும் நடுவில் உள்ள இடம். டேக்கிளிலிருந்து நான்கு யார்டுக்குள் நின்றால் அதுவும் டைட் எண்ட் இடம்தான் என்றார் பர்பேங்க். மீதி நேரம் ஓரமாக நின்றது பாதிக்கு வரவில்லை. லீகும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தின் விதி கேட்பது அதிக ஸ்நாப் எந்த இடத்தில் என்பதை மட்டுமே.

சிகாகோ: அப்படியானால் நான்கு யார்டுக்குள் நிற்கும் குட்டி ஸ்லாட் ரிசீவரும் டைட் எண்டா?

நல்ல பிடி. இல்லை, ஏனென்றால் தீர்ப்பு யார்டை மட்டும் அளக்கவில்லை. அங்கே நின்ற கிரஹாமை எதிரணி டைட் எண்டாகவே நடத்தியது என்பதையும் பார்த்தது. டிராஃப்டில் எடுத்தது டைட் எண்டாக, பயிற்சிக் கூட்டம் டைட் எண்டுகளோடு, ட்விட்டர் பக்கத்தில் அவரே போட்டிருந்ததும் டைட் எண்ட்.

மறுபடியும் அட்லாண்டா: ட்விட்டரை வைத்தா சம்பளம்?

அதை மட்டும் வைத்து இல்லை என்றுதான் இவ்வளவு நேரம் சொல்கிறேன். விதியை வாசித்த விதத்தில் பர்பேங்க் சரி. விதிதான் கோணல். டைட் எண்ட் நின்ற இடத்தைப் பொறுத்து வேகமான நிக்கல் காப்பாளரை இறக்குவதா, கனமான லைன்பேக்கரை வைப்பதா என்று எதிரணி குழம்பும். அந்தக் குழப்பம்தான் அவருடைய மதிப்பு. இரண்டு இடத்தில் ஆடுகிறவருக்கு அதிகம் நின்ற ஒரே இடத்தின் விலையைக் கொடு என்கிறது விதி. கடைசியில் கிரஹாம் நான்கு ஆண்டுக்கு 40 மில்லியன், கேரண்டி 21 என்று முடித்துக்கொண்டார். ஆண்டுக்கு 10, இரண்டு டேக் தொகைக்கும் ஏறத்தாழ நடுவில். 2025ல்கூட டைட் எண்ட் டேக் 13.8, ரிசீவர் டேக் 24. போதும், அடுத்த கேள்வி.

டொராண்டோவிலிருந்து: டைட் எண்ட் மெக்பிரைடுக்கு மொத்தம் 76 மில்லியன்...

கேரண்டி. கேரண்டியைப் பாருங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: கிரான்கா (கிரான்கவ்ஸ்கி), கெல்சியா?

இந்தக் கேள்வி வருவது இது மூன்றாவது முறை. அடைக்கவும் வேண்டும் என்றால் கிரான்க். நீண்ட காலம் பந்து பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் கெல்சி.

நியூ ஜெர்சி: சரி, ஃபேண்டஸிக்கு?

முதல் பத்தி.