பில் கட்டினால்தான் ஆர்கன் என்கிறார் மெக்கானிக்

கேள்வி: என்னிடம் பழைய ஹேமண்ட் ஆர்கன் ஒன்று இருக்கிறது, வீட்டில் வாசிப்பதற்காக. நான்கு கட்டைகள் உடைந்திருந்தன, மூன்று ஸ்வரங்கள் ஒலிக்கவில்லை. பேசிய கூலியில் பாதியை அட்வான்ஸாகக் கொடுத்து ரிப்பேருக்கு விட்டேன். இரண்டு மாதத்தில் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதியவர் எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார். வேறு மாடல் கட்டைகளைப் போட்டிருக்கிறார், பக்கத்துக் கட்டையைவிட ஒரு நூல் உயரமாக நிற்கின்றன. மூன்று ஸ்வரம் போயிருந்தது, இப்போது ஒன்பது. பழைய கனமான ஒலியும் இல்லை. கேட்டால், "சாமான் பழசு சார், அப்படித்தான்" என்கிறார். பில்லோ பேசியதைப் போல இரண்டு மடங்கு. அதைக் கட்டாமல் ஆர்கனைத் தர மாட்டாராம். போலீசுக்குப் போகலாமா?

பதில்: போலீஸ் வேண்டாம். "கூலி பாக்கி, அதனால் வைத்திருக்கிறேன்" என்று அவர் ஒரு வரி சொன்னால், இது சிவில் விவகாரம் என்று உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஒரு வரிக்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170: உழைப்பையும் திறமையையும் செலவிட்டவர், உரிய கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. ஆனால் அந்த உரிமை 'உரிய' கூலிக்குத்தான். உங்களிடம் கேட்காமல் ஏற்றிய தொகைக்காக ஆர்கனைப் பிடித்து வைக்க முடியாது.

ஆர்கன் உடனே வேண்டுமென்றால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டி எடுத்து வந்துவிடலாம். பிரிவு 72-இன் கீழ் அதிகப்படியான தொகையைத் திரும்பக் கேட்க வழி உண்டு. சரக்கை விடுவிக்க ரயில்வே கம்பெனி முறையற்ற கட்டணம் கேட்டு வாங்கியதை அங்கே உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். ஆட்சேபத்தை எழுதாமல் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

வழக்கின் உயிர் புதிதாக ஊமையான அந்த ஆறு ஸ்வரங்களில் இருக்கிறது. இந்த ஆர்கனில் ஒலி பிறக்கும் இடம் ஒன்று, கட்டைகள் அதை எடுத்துத் தரும் இடம் வேறு. உள்ளே மோட்டார் சுழற்றும் சின்னச் சின்னச் சக்கரங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு காந்தச் சுருள். கட்டையை அழுத்தினால் ஒன்பது தொடுமுனைகள் மூடும், டிராபாருக்கு (ஒலியைக் கலக்க இழுத்துத் தள்ளும் பிடி) ஒன்றாக. அதனால் ஒரே சக்கரத்தின் ஒலியைப் பல கட்டைகளிலிருந்து எடுக்கலாம். போன் கேமராவை ஓடவிட்டு, மேல் கீபோர்டில் மூன்றாவது டிராபாரை மட்டும் இழுத்து ஊமையான கட்டையை அழுத்துங்கள். அப்புறம் அதைத் தள்ளிவிட்டு, நான்காவதை மட்டும் இழுத்து, ஒரு ஆக்டேவ் கீழே உள்ள அதே பெயர்க் கட்டையை அழுத்துங்கள். அது ஒலித்தால் சக்கரம் நலம், கோளாறு தொடுமுனையில். இரண்டுமே ஊமையென்றால் பெரும்பாலும் சக்கரப் பெட்டியில்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? தொடுமுனை என்றால், கட்டை மாற்ற அவர் கைவைத்த இடமே அதுதான். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் கையாளும் கவனத்தோடு கையாண்டேன் என்று அவர்தான் காட்ட வேண்டும் (பிரிவு 151). சக்கரப் பெட்டி என்றால் 'பழசு' என்ற வாதம் வரும், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கும். எண்ணெய் காய்ந்து சக்கரம் இறுகும், சுருளின் முடி போன்ற கம்பி அறுந்தும் போகும். ஆனால் இரண்டு மாதக் கெடு தாண்டிவிட்டது. அவர் தவறால் உரிய காலத்தில் திருப்பித் தரவில்லையென்றால், அதற்குப் பிந்தைய சேதம் அவர் தலையில் (பிரிவு 161). அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள்!

'ஒலியின் கனம்' புகாரை நோட்டீசில் சேர்க்காதீர்கள். பழைய கெப்பாசிட்டர்களை மாற்றினால் ஒலி கூர்மையாவது இயல்பு, அது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. காதின் ருசியை நிரூபிக்கப் போனால், கையில் இருக்கும் நல்ல வாதமும் நீர்த்துப்போகும்.

இன்னொரு மெக்கானிக்கிடம் வீடியோவைக் காட்டி, சரிசெய்ய ஆகும் செலவை எழுத்தில் வாங்குங்கள். நஷ்டஈட்டுக்கு அதுதான் அளவுகோல், புது ஆர்கன் விலை அல்ல. பிறகு பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் நோட்டீஸ். மசியவில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். புகாருக்கான காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தகராறான தொகையை ஆணையத்தில் கட்டிவிடுகிறேன், ஆர்கனை உடனே விடுவிக்க இடைக்கால உத்தரவு வேண்டும் என்றும் அதனோடு கேளுங்கள்.

உடைந்த அந்த நான்கு கட்டைகளையும் நோட்டீசில் கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் பொருள், ஒட்ட முடிந்ததா இல்லையா என்பதற்குச் சாட்சியும் அவைதான்.